கிப் சாப்பிடுவதில்லை

பெர்த்
6 மார்ச் 1976

அன்புள்ள அப்பாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் வழி முழுக்கத் தன் முதுகுவலியைப் பற்றியே பேசினார். நர்ஸ் என்று வாய் தவறிச் சொன்னது என் தப்பு. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

அம்மாவை அடக்கம் செய்த கையோடு உங்களைத் தனியாக விட்டுவிட்டு வந்தது மனதை உறுத்துகிறது. என்ன செய்வது, வார்டில் ஆள் பற்றாக்குறை. ஒரு வாரம் தள்ளிக் கேட்டதற்கே மேட்ரன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

ஆனால் ஏற்பாடு செய்யாமல் வரவில்லை. நெட்டா அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். சர்ச் பெண்கள் முறை போட்டுக்கொண்டு தினமும் ஒரு வீட்டிலிருந்து சாயங்காலச் சாப்பாடு கொண்டுவந்து தருவார்கள். நீங்கள் சுடவைத்துச் சாப்பிட்டுவிட்டு, பாத்திரத்தைக் கழுவி, கேட்டுக்குப் பக்கத்தில் பால் கேன் வைக்கும் மேடையில் வைத்தால் போதும். மிச்சம் மட்டும் வைத்து அனுப்பிவிடாதீர்கள். நம் பள்ளத்தாக்கில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது என்று உங்களுக்கே தெரியும். பாதிப் புட்டிங்கைத் திருப்பி அனுப்பிய வீட்டோடு அம்மா கடைசிவரை பேசவே இல்லை.

டெலிபோனில் பேசலாம் என்றால் ஒரே கம்பியில் ஆறு வீடு. நீங்கள் இந்தப் பக்கம் இருமினால் நெட்டா அத்தை அந்தப் பக்கம் கஷாயம் சொல்வாள். அதனால் எழுதுங்கள். இரண்டு வரியானாலும் போதும்.

உங்கள் மகள்,
எல்சி


கல்லோடைப் பண்ணை, ஒடாகோ
29 மார்ச் 1976

அன்புள்ள எல்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் ஏற்பாடு ராணுவம்போல நடக்கிறது. ஒருநாள்கூடத் தவறவில்லை. ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருக்கிறார்கள். நேற்று கால்நடை டாக்டர் கேர்ன்ஸின் மனைவி, இன்று நெட்டா. மூடியைத் திறந்தால் எல்லாரும் ஒன்றுதான்: ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம். நெட்டா மட்டும் நாலு கேரட் சேர்ப்பாள், தன் கை தனிக் கை என்று காட்டிக்கொள்ள. கவலைப்படாதே. எல்லாப் பாத்திரமும் காலியாக, கழுவித் துடைத்துத்தான் போகிறது. உன் அம்மா பார்த்தால் நம்பமாட்டாள்.

அவளுடைய கோழிகளை நெட்டாவுக்குக் கொடுத்துவிட்டேன். காலையில் கதவைத் திறந்தால் எல்லாம் ஓடிவந்து என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தன.

ஒரு விஷயம். கிப் சாப்பிடுவதில்லை. சாப்பாட்டை வைத்தால் பார்க்கிறாள். பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அப்புறம் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்கிறாள். பசி இல்லாமல் இல்லை. வாய்க்குப் பக்கத்தில் போனதும் தொண்டை மூடிக்கொள்கிறது போலிருக்கிறது. மற்ற இரண்டு நாய்களும் தட்டையே தின்றுவிடும் வேகத்தில் இருக்கின்றன.

உன் வார்டில் இப்படி யாராவது வந்தால் என்ன செய்வாய்?

அப்பா


பெர்த்
18 ஏப்ரல் 1976

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பது நெட்டா அத்தை கடிதத்தில் தெரிந்தது. இங்கே இன்னும் வெயில் விட்டபாடில்லை.

ஈஸ்டருக்கு வரமுடியவில்லை, மன்னியுங்கள். வார்டுக்குப் பொறுப்பு சிஸ்டர் வேலை காலியாகிறது. என்னைத்தான் போடுவார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இந்த நேரத்தில் லீவு கேட்டால் நானே போய் அடுத்தவளுக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

கிப்புக்கு முதலில் பல்லைப் பாருங்கள். ஈறில் புல் விதை குத்தியிருக்கலாம். பூச்சி மாத்திரை கொடுத்து எத்தனை நாள் ஆயிற்று? வயதும் ஒன்பது ஆகிறதே. இரண்டு நாள் பார்த்துவிட்டு கேர்ன்ஸிடம் காட்டுங்கள். அப்புறம், ஜன்னல் பக்கம் போய் நிற்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள்! நாய்க்கூண்டில் ஏது ஜன்னல்? புதிதாக வைத்துக் கொடுத்திருக்கிறீர்களா, திரைச்சீலையும் உண்டா? வாசலில் நாய் கால் வைத்தாலே வீடு அதிரக் கத்துகிற மனுஷன் நீங்கள். சிரித்துவிட்டேன்.

வார்டில் என்ன செய்வேன் என்று கேட்டீர்கள். நான் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதைவிட, திரும்பி வரும் தட்டைத்தான் பார்ப்பேன். "நல்லா இருக்கேன் சிஸ்டர்" என்று சொல்கிறவர் தட்டில் உருளைக்கிழங்கு அப்படியே இருக்கும். தட்டு காலியாக வந்தால் அந்தப் படுக்கையைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிடுவேன். உங்களைப் பற்றியும் அதனால்தான் எனக்குக் கவலை இல்லை. கிப்பைப் பற்றி எழுதுங்கள்.

உங்கள்,
எல்சி


கல்லோடைப் பண்ணை
10 மே 1976

அன்புள்ள எல்சிக்கு,

இங்கே எல்லாம் வழக்கம்போல. உனக்கு அந்த வேலை கிடைக்கட்டும். கிடைக்காவிட்டால் அவர்களுக்குத்தான் நஷ்டம்.

ஜன்னல் என்று கைதவறி எழுதிவிட்டேன். கம்பி வலை என்று வைத்துக்கொள்.

பல் பார்த்தேன். குறை இல்லை. பூச்சி மாத்திரையும் கொடுத்தாயிற்று. போன வாரம் மலையிலிருந்து ஆடுகளை இறக்கினோம். பகலில் ஒன்றும் தெரிவதில்லை எல்சி. வேலை இருக்கிறவரை கால் தானாக நடக்கிறது, விசிலுக்குத் திரும்புகிறாள், ஓடுகிறாள். வீடு திரும்பி, விளக்கு போடும் நேரம் வந்தால்தான் வம்பு. எதிரே யாரும் இல்லாமல் சாப்பிட்டுப் பழக்கமில்லை. இத்தனை வருஷம் உன் அம்மாவின் பேச்சுச் சத்தத்தில் சாப்பாடு தானாக இறங்கியிருக்கிறது, அது இப்போதுதான் தெரிகிறது. அவள் பேசினபோது யார் கவனித்தார்கள்? ரேடியோ வைத்துப் பார்த்தேன். அதில் வருகிறவன் கம்பளி விலையையே பேசுகிறான்.

கேர்ன்ஸிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. "ஒரு நாய் துக்கம் கொண்டாடுதுன்னு என்னை இவ்வளவு தூரம் வரச்சொன்னீரா மர்டோ?" என்பான். சாயங்காலத்துக்குள் பள்ளத்தாக்கு முழுக்கச் சிரிக்கும்.

நீ ஆகஸ்டில் வந்தால் நேரில் பார்க்கலாம். அவசரம் ஒன்றும் இல்லை. ஆடுகள் குட்டி போடத் தொடங்குமுன் என்றால் எனக்குக் கொஞ்சம் ஒழிவு இருக்கும். அதற்காகச் சொல்கிறேன்.

அப்பா


நெட்டாவின் வீடு, மேல்பாலம்
12 ஜூன் 1976

எல்சி கண்ணுவுக்கு,

அத்தையின் முத்தம். குளிர்காலம் பிறந்ததும் இங்கே பனி கொட்டித் தள்ளுகிறது. என் மூட்டு இரண்டும் எனக்குச் சொந்தமில்லை என்பதுபோல் நடந்துகொள்கின்றன. நீ குளிர் தெரியாத ஊரில் இருக்கிறாய், கொடுத்து வைத்தவள்.

உன் அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். சாப்பாட்டைப் பொறுத்தவரை சிங்கம்! என் பாத்திரம் ஒவ்வொரு தடவையும் நக்கினாற்போலத் திரும்பி வருகிறது. கேர்ன்ஸ் மனைவிக்கும் அப்படித்தானாம். அவள் குழம்பே அப்படிக் காலியாகிறது என்றால் பார்த்துக்கொள். ஆனால் உள்ளே மட்டும் யாரையும் கூப்பிடுவதில்லை. கேட்டிலேயே நின்று வாங்கிக்கொள்கிறார். போன தடவை நான் விடவில்லை.

"என்ன மர்டோ, ஒரு வாய் டீ கூடக் கெடையாதா எனக்கு?"

"அடுப்பு அணைஞ்சு போச்சு நெட்டா."

"மத்தியானம் ரெண்டு மணிக்கா?"

"விறகு ஈரம்."

விறகு அடுக்கு காய்ந்து கிடக்கிறது, நான் பார்க்காமலா? சரி, ஆம்பளைத் துக்கம், விட்டுவிட்டேன். கோட்டு கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது. இந்தக் குளிரில் உள்ளே கம்பளிச் சட்டை போடாமல் திரிகிறார் போல. நீ எழுதும்போது இரண்டு வார்த்தை கண்டித்து எழுது. நான் சொன்னால் கேட்கமாட்டார்.

அப்புறம் இந்தக் கிப் சமாச்சாரம். அவள் சாப்பிடுவதில்லை என்று உனக்கு எழுதியிருக்கிறாராமே! கண்ணு, அந்த நாய் பீப்பாய் மாதிரி இருக்கிறாள். ஆடு மேய்க்கிற நாய்க்கு இவ்வளவு சதை ஆகாது என்று என் வீட்டுக்காரரே சொன்னார். சாயங்காலம் கூண்டில் வைக்கிற கறியை அவள் தொடுவதில்லை என்பது உண்மைதான், நானும் பார்த்தேன். வயிறு முட்ட இருக்கிறவள் எதற்குத் தொடப்போகிறாள்? எங்கேயாவது செத்த ஆட்டைக் கண்டுபிடித்து வைத்திருப்பாள், கள்ளி.

உன் அம்மா இருந்திருந்தால் இதற்கே விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அவளை நினைக்காத நாள் இல்லை.

அன்புடன்,
நெட்டா அத்தை


பெர்த்
28 ஜூன் 1976

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்கள் குளிரில் கம்பளிச் சட்டை போடாமல் திரிவதாகப் புகார் வந்திருக்கிறது. தயவுசெய்து போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் குட்டு வெளிப்பட்டுவிட்டது! கிப் பீப்பாய் மாதிரி இருக்கிறாளாமே? நான் இங்கே நாய் வைத்தியப் புத்தகம் தேடி நூலகம் நூலகமாக அலைகிறேன். நீங்கள் பக்கம் பக்கமாக அவளுடைய சோகக் கதையை எழுதுகிறீர்கள். பேச ஆள் இல்லாமல் பொழுது போகவில்லை என்றால் நேராக அப்படியே எழுதுங்கள் அப்பா, நாயை ஏன் சாக்குக்கு இழுக்கிறீர்கள்? கோபம் இல்லை, கிண்டல்தான்.

வேலை எனக்கே கிடைத்துவிட்டது. பெருமைப்படுங்கள். ஆனால் அதனால் ஆகஸ்டில் வர முடியாது. புதிதாகப் பொறுப்பு ஏற்றவள் உடனே கிளம்பினால் நன்றாக இருக்காது. கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வருகிறேன். அதற்குள் கிப்பை இளைக்க வையுங்கள்.

உங்கள்,
எல்சி


கல்லோடைப் பண்ணை
19 ஜூலை 1976

அன்புள்ள எல்சிக்கு,

வேலை கிடைத்ததில் சந்தோஷம். அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்று சத்தமாகச் சொன்னேன்.

கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

கிப் இப்போது நிஜமாகவே சாப்பிடவில்லை. எதுவும் இறங்கவில்லை. நாலு எட்டு வைத்தால் உட்கார்ந்துவிடுகிறாள். ஈறைத் தூக்கிப் பார்த்தால் வெள்ளைத் துணி மாதிரி வெளுத்திருக்கிறது. சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போகிறது. கேர்ன்ஸை வரவழைத்தேன். வெகுநேரம் பார்த்தான்.

"ரத்தம் செத்துக்கிட்டு வருது மர்டோ. வெங்காயம் ஏதாச்சும் தின்னுச்சா?"

"வெங்காயமா?"

"ஆமா. நாய்க்கு அது விஷம். கொஞ்சம் கொஞ்சமாத் தொடர்ந்து உள்ள போனா ரத்தத்தையே அரிச்சிடும். வீட்டுச் சாப்பாடு யாராவது போடுறாங்களா?"

"என் நாய்க்கு என்னைத் தவிர யாரும் சாப்பாடு போடறதில்ல. வீட்டுக்குள்ள நாய் வர்றதில்ல. ஊருக்கே தெரியும்."

"தெரியும், தெரியும். கேட்டேன், அவ்வளவுதான்."

ஒரு ஊசி போட்டுவிட்டு யோசனையோடு போனான். அவன் மனைவியின் பாத்திரம் அப்போது மேடையில் கழுவிக் கவிழ்த்து இருந்தது. போகும்போது எடுத்துக்கொண்டு போனான்.

நெட்டாவிடம் இனிச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் ஏற்பாட்டைக் குறை சொல்வதாக நினைக்காதே.

அப்பா


நெட்டாவின் வீடு, மேல்பாலம்
24 ஜூலை 1976

எல்சி கண்ணுவுக்கு,

அத்தைக்கு உடம்பு சுகம், மனசுதான் சரியில்லை. உன் அப்பா எங்கள் எல்லாருடைய முகத்திலும் கதவைச் சாத்திவிட்டார். நாங்கள் என்ன குறை வைத்தோம்? முறை வைத்து, பனியில் வழுக்கிக்கொண்டு, ஒரு நாள் தவறாமல் கொண்டுபோய்க் கொடுத்தோம். பாத்திரமும் காலியாகத்தான் வந்தது. திடீரென்று, "போதும் நெட்டா, இனிக் கொண்டு வராதீங்க" என்கிறார். காரணம் கேட்டால் வானத்தைப் பார்க்கிறார்.

அதற்கு மேல் ஒரு கூத்து. கேர்ன்ஸ் வீட்டுக்கு வீடு போய், குழம்பில் யார் யார் எத்தனை வெங்காயம் போடுகிறோம் என்று விசாரிக்கிறான்! என்னிடமும் கேட்டான். "மூணு, பெருசா. வெங்காயம் போடாம கொழம்பு வைக்க நான் என்ன இங்கிலீஷ்காரியா?" என்றேன். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். அவருடைய நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் என் குழம்பு என்ன செய்யும்? நான் நாய்க்கா ஆக்கிப் போட்டேன்?

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். நேற்று கடையில் அவரைக் கிட்டத்தில் பார்த்தேன். கணப்புப் பக்கம் சூடாக இருந்ததால் கோட்டைக் கழற்றியிருந்தார். இடுப்பு வாரில் ஆணியால் புதிதாக ஓட்டை குத்தியிருக்கிறார், வாரின் நுனி இடுப்பைச் சுற்றி முதுகுப் பக்கம் வரை போகிறது. இவ்வளவு சாப்பிட்ட மனுஷன் எப்படி இப்படி ஆவார்? வயிற்றில் கட்டி கிட்டி இருக்குமோ? நீதான் நர்ஸ், நீ சொல்.

நெட்டா அத்தை


பெர்த்
1 ஆகஸ்ட் 1976

அப்பா,

நெட்டா அத்தையின் கடிதத்தை வார்டில் வைத்துப் படித்தேன். உடனே டெலிபோன் செய்தேன். "இங்க நல்ல வெயில் அடிக்குது" என்றீர்கள். கம்பியில் யாரோ மூச்சு விடுவது கேட்டது. உங்களுக்கும் கேட்டிருக்கும். நானும் "இங்கயும் வெயில்தான்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அப்படிப் பேசத்தானே அம்மாவும் நீங்களும் எனக்குக் கற்றுக்கொடுத்தீர்கள்.

எழுத்தில் கேட்கிறேன். அந்தப் பாத்திரங்களைக் காலி செய்தது யார்?

உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்து மறுபடி படித்தேன். அந்த ஜன்னல் சமையலறை ஜன்னல். நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். தட்டைப் பார்த்தே எல்லாம் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொண்ட நான், நாய் சாப்பிட்டதா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டேன். நீங்கள் சாப்பிட்டீர்களா என்று ஒன்றில்கூடக் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியம் இல்லாதபடி ஊர்ப்பெண்களை வைத்து ஏற்பாடு செய்துவிட்டேன், அல்லவா? நான் வராமல் இருப்பதற்குத்தான் அந்த ஏற்பாடு.

கேர்ன்ஸிடம் உண்மையைச் சொல்லுங்கள். வெட்கப்பட நேரம் இல்லை. என்ன தின்றாள், எத்தனை நாள் தின்றாள் என்று தெரிந்தால்தான் அவனால் ஏதாவது செய்யமுடியும். அவன் மனைவிக்குத் தெரிந்தால் தெரியட்டும்.

மேட்ரனிடம் கேட்கவில்லை, சொல்லிவிட்டேன். 21ஆம் தேதி டனீடினில் இறங்குகிறேன். வேலை இருந்தால் இருக்கட்டும், போனால் போகட்டும். அதுவரை முட்டையாவது வேகவைத்துச் சாப்பிடுங்கள். ஒரு முட்டை, அப்பா. ரொட்டியைப் பாலில் நனைத்தால் தொண்டையில் இறங்கும்.

எல்சி


கல்லோடைப் பண்ணை
13 ஆகஸ்ட் 1976

அன்புள்ள எல்சிக்கு,

உன் கடிதம் வந்து சில நாள் ஆயிற்று. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நான் இருக்கிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது? அழுதிருப்பாய் என்று எழுத்திலேயே தெரிகிறது.

நீ ஊருக்குப் போன அதே வாரம் நடந்தது. நெட்டாவின் குழம்பைச் சுடவைத்து மேஜையில் வைத்தேன். இரண்டு கரண்டி போயிற்று. மூன்றாவது இறங்கவில்லை. பாதியோடு பாத்திரத்தைத் திருப்ப முடியாது. நல்ல சாப்பாட்டைக் குப்பையில் கொட்ட எனக்குக் கை வராது, அப்படி வளர்க்கவில்லை என்னை. கோழிகளையும் கொடுத்தாயிற்று. சமையலறைக் கதவைத் திறந்து கிப்பைக் கூப்பிட்டேன்.

ஒன்பது வருஷத்தில் அவள் அந்த வாசலைத் தாண்டியதில்லை. ஒரு காலைத் தூக்கி நிலைப்படியில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "உள்ள வா" என்றேன். சந்தேகத்தோடுதான் வந்தாள். தின்றாள். பாத்திரம் பளபளவென்று ஆயிற்று. அன்று நிம்மதியாகத் தூங்கினேன், யார் மனதையும் நோகடிக்கவில்லை என்று. மறுநாள் இன்னொரு பாத்திரம் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது.

முதலில் ஆசையாகத்தான் தின்றாள். ஜூன் வாக்கில் முகத்தைத் திருப்பத் தொடங்கினாள். அதுதான் என்னால் மறக்க முடியாதது எல்சி. மந்தையில் அவளை வேலை ஏவுகிற குரலில், "தின்னு" என்று அதட்டினேன். நான் சொன்னதை ஒருநாளும் மறுக்காதவள், தின்றாள். பசிக்குத் தின்னவில்லை, வேலை என்று நினைத்துத் தின்றாள்.

கேர்ன்ஸ் கேட்டபோது உண்மை வாய்வரை வந்தது. அவன் மனைவியின் பாத்திரம் கண்ணெதிரே இருந்தது, விழுங்கிவிட்டேன். உன் கடிதம் வந்த அன்றே அவன் வீட்டுக்குப் போனேன். அவள் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். கதவைச் சாத்தச் சொல்லவில்லை. அவள் காதில் விழும்படியே எல்லாவற்றையும் சொன்னேன். கேர்ன்ஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் கேட்ட அன்னிக்கே சொல்லியிருந்தா வேற நாயோட ரத்தத்தை ஏத்திப் பார்த்திருக்கலாம் மர்டோ. இப்ப ரொம்பத் தள்ளிப் போச்சு."

அவன் மனைவிதான் என்னைக் கார் வரை கொண்டுவந்து விட்டாள். "சாப்பிட முடியலன்னு சொல்லியிருந்தா நாங்க வந்து ஒக்காந்திருப்போமே" என்றாள். அது எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மார்ச்சிலும் மே மாதத்திலும் கிப் சாப்பிடுவதில்லை என்று உனக்கு எழுதினேனே, அப்போது அவள் நன்றாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிடாதது நான். அதை நான் என்று எழுத எனக்கு வரவில்லை. என் அப்பாவும் தன் உடம்புக்கு முடியவில்லை என்றால் குதிரைக்கு முடியவில்லை என்றுதான் சொல்வார், என் அம்மா புரிந்துகொண்டு மருந்து எடுத்து வருவாள். நீயும் கண்டுபிடித்துவிடுவாய் என்று இருந்துவிட்டேன். உன்மேல் தப்பில்லை. நான் நாயைப் பற்றி எழுதினேன், நீ நாயைப் பற்றிப் பதில் எழுதினாய்.

நேற்று முன்தினம் சாயங்காலம், நாய்களுக்குச் சாப்பாடு வைக்கிற நேரம். இரண்டு முட்டையும் உருளைக்கிழங்கும் வேகவைத்து எடுத்துக்கொண்டு கூண்டுப் பக்கம் போனேன். அவளுக்கு இல்லை, எனக்கு. விறகுக்கட்டையை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாக்கில் படுத்திருந்தாள். தலையைத் தூக்கி என் கையிலிருந்த பாத்திரத்தைப் பார்த்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள் எல்சி. அவளைத் தின்னச் சொல்லப்போகிறேன் என்று நினைத்திருக்கிறாள். "படு" என்றேன். அவள் எதிரிலேயே சாப்பிட்டேன். இரண்டு தடவை தொண்டை அடைத்தது. தண்ணீர் குடித்துக் குடித்து இறக்கினேன். கடைசி ஆடு பட்டியின் கதவைத் தாண்டும்வரை கண்ணெடுக்காமல் பார்ப்பாளே, அப்படி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாத்திரம் காலியானதும் அவளுக்குக் காட்டினேன். வேலை முடிந்தால் சொல்கிற சொல்லைச் சொன்னேன்.

"போதும், கிப்."

தலையைக் கீழே வைத்துக்கொண்டாள். காலையில் இல்லை.

மேலே, கல்லோடை திரும்பும் இடத்தில் புதைத்திருக்கிறேன். மண் இறுகிப்போயிருந்தது. நெட்டாவின் வீட்டுக்காரர் கடப்பாரையோடு வந்தார். நெட்டா ரொட்டி கொண்டுவந்து, நான் தின்று முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து ஊர்க்கதை பேசினாள். அரைத் துண்டு மிச்சம் வைத்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டுக் கதையைத் தொடர்ந்தாள்.

21ஆம் தேதி டனீடினுக்கு நானே வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். ரொம்ப மெலிந்திருக்கிறேன். தூரத்திலிருந்து பார்த்து அடையாளம் தெரியாவிட்டால் அங்கேயே நில், நான் கையாட்டுகிறேன்.

அப்பா